தலைவரும் நானே, சிற்றூழியரும் நானே

வீட்டில் குழாய் வறண்டால் திட்டுவதற்கு ஒரு சபை இருக்கிறது. தொலைபேசியில் அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, உங்கள் பகுதியில் திருத்த வேலை நடக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். தண்ணீர் வராவிட்டாலும் திட்டின ஆறுதலாவது மிஞ்சும். படகு வாங்கினவனுக்கு அதுவும் இல்லை. தாங்கி, குழாய், பம், பற்றரி, வெந்நீர், கழிவுநீர் எல்லாவற்றுக்கும் சபை அவனேதான். தலைவர், பொறியியலாளர், ரோச் பிடிக்கும் சிற்றூழியர் என்று மூன்று பதவியும் ஒரே தொந்திக்குள் அடக்கம். இவற்றில் எனக்கு இயல்பாக வந்தது தலைவர் வேலை. நடக்காத வேலைக்குக் காரணம் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி. கலியாணம் கட்டி நெடுங்காலம்.

‘அவன் லண்டனில போட் வாங்கிட்டானாம்’ என்று ஊரில் செய்தி பரவியதும் இரண்டொரு சொந்தக்காரர் கடன் கேட்டு எடுத்தார்கள். வெள்ளைக் கப்பலொன்றின் மேல்தட்டில் நான் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. என்னிடம் இருப்பது நரோபோட். ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலத்தில் ஐம்பதடி நீளத்துக்கு ஓர் இரும்புக் கூடு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களுக்குப் பூட்டுக்கதவு வைத்தபோது ஏழடி போதும் என்று தீர்மானித்துவிட்டார். அவர் சிக்கனத்தின் பலன், இன்றைக்கு மாமி எதிரே வந்தால் நான் பின்பக்கமாகவே நடந்து குசினிக்குள் ஒதுங்கவேண்டியிருக்கிறது. வேக எல்லை மணிக்கு 4 மைல். கரையில் நாயோடு நடக்கிறவர் எனக்குக் கை காட்டிவிட்டு முந்திப் போவார்.

படகு நிற்பது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்ரன் கிளையில், அல்பேட்டனுக்குக் கிட்ட. 1801இல் திறந்த இந்தக் கிளையில் ஒரு பூட்டுக்கதவும் கிடையாது. கம்பி சுழற்றிக் கதவு தள்ளும் வேலை இல்லாத கால்வாய் என்பதைத் தவிர இந்த இடத்தைத் தெரிந்தெடுக்க எனக்கு வேறு வரலாற்றுக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஈலிங் ரோட்டில் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வாங்கிக்கொண்டு நேரே தண்ணீர்க்கரைக்கு இறங்கலாம். கொஞ்சத் தூரம் ஓட்டினால் நோர்த் சேர்க்குலர் வீதிக்கு மேலால் கால்வாய் பாலத்தில் போகும். கீழே நெரிசலில் நிற்கிற கார்களை மேலே இருந்து நான் முந்தியதும் உண்டு. அதை ஊருக்குப் படமெடுத்து அனுப்பினேன்.

தாங்கி படகின் மூக்கில் இருக்கிறது; 450 லீற்றர் கொள்ளும். கால்வாய்க்கரையில் ஆங்காங்கே உள்ள குழாயில் ஹோஸைப் பூட்டி நாங்கள்தான் நிரப்பவேண்டும். குழாய்ப் பெட்டிக்குப் படகுக்காரரிடம் மட்டும் இருக்கும் திறப்பொன்று உண்டு. இந்த நாட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 லீற்றர் செலவாகிறதாம். மனிசி, மகள், மாமி, நான் என்று பெருக்கிப் பார்த்தால் தாங்கி ஒரு நாளைக்கே காணாது. மாமி மீன் கழுவும் தண்ணீர் இதற்குள் அடங்காது. யாழ்ப்பாணத்தில், மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று ஒன்றில்லை. சுண்ணக்கல்லுக்குள் கிடக்கிற கிணற்றுத் தண்ணிதான். ஆனாலும் கிணற்றடியில் வாளி வாளியாக வார்த்துக் குளித்து வளர்ந்த ஆளுக்கு, மெல்லிசாகத் தூறும் படகுச் ஷவரின் கீழ் நின்று ‘கெதியா முடியுங்கோ’ என்று கதவுக்கு வெளியே கேட்பது மானப் பிரச்சினை.

இந்தக் கால்வாய்களில் சரக்கு ஏற்றித் திரிந்த குடும்பங்களுக்கு இந்தத் தலையிடி எதுவும் இருக்கவில்லை. ரோசாப்பூவும் கோட்டையும் தீட்டிய தகரக் கேத்தலில் குடிதண்ணீரை நிரப்பிக் கூரையில் வைத்துவிடுவார்கள். பக்பி கேன் என்று பெயர். இன்றைக்கு நாங்களும் அதே கேனைக் கூரையில் வைத்திருக்கிறோம், பிளாஸ்ரிக் பூ நட்டு. தண்ணீருக்குப் பம் வைத்திருக்கிறோம்.

கையளவான 12 வோல்ற் பம் அது. ஒரு பக்கம் மோட்டர், மறுபக்கம் மூன்று அறை கொண்ட றப்பர்ச் சவ்வு, தலையில் ஓர் அழுத்தச் சுவிச். குழாயைத் திறந்தால் அழுத்தம் விழும், சுவிச் ஒட்டும், மோட்டர் ஓடும். குழாயைப் பூட்டினால் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. வரை ஏறும், சுவிச் விட்டுவிடும், மோட்டர் நிற்கும். இவ்வளவுதான் அதன் அறிவு. பொய் சொல்லத் தெரியாத சாமான் என்பது பிறகுதான் விளங்கியது. எங்கேயோ அழுத்தம் விழுந்தால்தான் வாய் திறக்கும்.

முதல் முறைப்பாடு இரவில் வந்தது. எல்லாரும் படுத்தபிறகு, ஒருவரும் குழாயைத் தொடாதபோது, மூக்குப் பக்கமிருந்து ‘டுர்ர்’ என்றது. ஒரு விநாடி. பிறகு நீண்ட அமைதி. பிறகும் ‘டுர்ர்’.

“இஞ்சேருங்கோ, ஆரோ தண்ணி திறந்திருக்கினம்.”

“ஆர் திறக்கிறது? எல்லாரும் இஞ்சதானே கிடக்கிறம்.”

“அப்ப ஏன் உது கத்துது?”

சபைகள் முறைப்பாட்டைக் கையாளும் ஒழுங்கு ஒன்றிருக்கிறது. அதை எனக்கு ஒருவரும் படிப்பித்ததில்லை, தானாகவே வந்தது. முதலில், அப்படி ஒரு சத்தமே இல்லை என்றேன். அடுத்த ‘டுர்ர்’ வந்ததும், பைப்புக்குள் காற்று, இது வழமை என்றேன். மூன்றாவதாகப் பாவனையாளர் மீது பழியைப் போட்டேன்: மாமி குழாயை இறுக்கிப் பூட்டுவதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் மாமி விழித்திருந்தார் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. “நான் பூட்டின குழாயை ஒருக்கா வந்து திறந்து பாருங்கோவன் தம்பி” என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. போய்த் திறந்து பார்த்தேன். இரண்டு கையும் போடவேண்டியிருந்தது.

காலையில் இடைக்காலத் தீர்வு அறிவிக்கப்பட்டது. தவிர்க்க முடியாத காரணங்களால் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை நீர்வெட்டு. பம்மின் சுவிச் அணைக்கப்படும். மனிசி அறிவித்தலை ஏற்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. மாமி மட்டும் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தன் கட்டிலடியில் வைத்தார். நள்ளிரவில் எழும்பிய சபைத் தலைவர் அந்த வாளிக்குள் காலை விட்டார். அந்தச் சத்தம் பம்மின் சத்தத்தைவிடப் பெரிது.

பக்கத்துப் படகில் ஓய்வுபெற்ற மனிசன் ஒருவர் வருஷம் முழுக்கத் தனியாக இருக்கிறார். கையில் தேநீர்க் கோப்பை இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர், பம் சும்மா ஓடினால் காரணம் இரண்டுதான் என்றார். ஒன்று, எங்கேயோ ஒழுகுகிறது. மற்றது, பம்முக்குள்ளேயே வால்வு சரியாகப் பூட்டாமல் தண்ணீர் திரும்பத் தாங்கிக்கு வடிகிறது. ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் உலர்ந்த ரிசூப் பேப்பர் வை. விரலுக்குத் தெரியாத ஈரம் ரிசூவுக்குத் தெரியும் என்றார். ஐம்பதடிப் படகில் எத்தனை மூட்டு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். மகள் ஒரு பெட்டி ரிசூவோடு பின்னால் வந்தாள். எல்லாம் காய்ந்தே கிடந்தன. வெந்நீர்த் தாங்கியில் அழுத்தம் கூடினால் திறக்கும் வால்வு ஒன்று உண்டு. அது சொட்டினாலும் பம் இப்படித்தான் கத்துமாம். அதன் குழாய் படகுக்கு வெளியே போவதால், கரையில் குந்தியிருந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனவர் ஒருவர் மீன் பிடிக்கிறேனா என்று கேட்டார். சொட்டும் இல்லை.

கடைசிச் சோதனை ஆகவும் சுகமானது. அதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று அயல்படகுக்காரரைக் கேட்டேன். நீ ரிசூ வைப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது என்றார். பம்மைத் தாண்டி உடனே ஒரு வால்வு இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் படகின் குழாய்கள் எல்லாம் வழக்கிலிருந்து விடுதலை. அதற்குப் பிறகும் பம் கத்தினால் குற்றவாளி பம்தான். பூட்டினேன். காத்திருந்தோம். ‘டுர்ர்.’

நோய் தெரிந்த பிறகு மருந்து வாங்குவதுதான் முறை. ஆனால் பம் அப்போதும் தண்ணீர் தந்துகொண்டிருந்தது. ஓடுகிற இயந்திரத்துக்குப் பதில் புதிது வாங்கக் கணக்காய்வாளர் சம்மதிக்கமாட்டார் என்று நானே தீர்மானித்துக் கோப்பை மேசைக்கு அடியில் வைத்தேன். கணக்காய்வாளராகிய மனிசியிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வாங்கச் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் சொல்கிறா. எந்த அலுவலகத்திலும் இப்படி ஒரு கோப்பு இருக்கும்.

கோப்பைத் திரும்ப மேலே எடுக்கவைத்தது ஒரு சனிக்கிழமை. மனிசி தலை முழுக்க ஷாம்பு போட்டு நுரையோடு நிற்கும்போது ஷவர் இருமியது, துப்பியது, நின்றது. பம் மட்டும் நிற்காமல் ‘டுர்ர்ர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டேயிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என் பெயர் முழுதாகக் கேட்டது. ஊரில் அவவின் தகப்பன் மட்டும் அழைக்கும் முழுப்பெயர். ஈலிங் ரோட்டில் வாங்கிய குடிதண்ணீர்ப் போத்தல்களைக் கதவிடுக்கால் ஒவ்வொன்றாக நீட்டினேன். பவுசர் சேவை என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை.

தாங்கியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பியூஸ் சரி, மோட்டர் சரி. தாங்கிக்கும் பம்முக்கும் இடையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வலை இருக்கிறது. துரும்பு பம்முக்குள் போகாமல் தடுக்கும் வடி. கழற்றினால் வலையில் கறுப்புச் செதில்கள். தாங்கியின் உட்பூச்சு உரிந்து வந்தவை. கழுவிப் பூட்டினேன். பம் ஓடியது; தண்ணீர் இல்லை. வடி மூடியின் றப்பர் வளையம் காய்ந்து இறுகிப்போயிருந்தது. அதனூடாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது பம். அடியில் ரிசூ வைத்தால் அது காய்ந்தேதான் இருக்கும். பம்முக்கு முன்னால் உள்ள ஓட்டை வெளியே ஒழுகாது, உள்ளே உறிஞ்சும். அந்தப் பேப்பரை மட்டும் நம்பிய பொறியியலாளர் இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்ற முகத்தோடு எழும்பினார்.

அப்போது மாமி குனிந்து பார்த்தார். “பம்முக்குத் தண்ணி வார்த்தனீங்களே தம்பி?”

அவருடைய காலத்தில் தோட்டத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் மெஷின் வைத்து வெங்காயத்துக்கு இறைத்தவர்கள். இறைப்புக்கு முன்னால் பம்மின் வாய்க்குள் தண்ணீர் வார்த்து நிரப்பாவிட்டால் அது இழுக்காது. மாமி, அது பழைய பம், இது நவீனமானது, தானே உறிஞ்சும், வெறுமனே ஓடினாலும் பழுதாகாது, புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று விளக்கினேன். “வார்த்துப் பாருங்கோவன். காசே?” என்றார். வளையத்துக்குக் கொஞ்சம் வாசலின் பூசி, வடியின் கிண்ணத்தில் ஒரு கோப்பை தண்ணீரை வார்த்து மூடினேன். பம்மின் குரல் தடித்தது, இருமியது, குசினிக் குழாயால் தண்ணீர் வந்தது. தேய்ந்த வால்வு நனைந்தால்தான் ஒட்டிப் பிடிக்குமாம். அயல்படகுக்காரர் பிறகு சொன்னார். அதற்குள் மாமி வாட்ஸ்அப்பில் கனடாவுக்குச் சொல்லி முடித்துவிட்டார்.

இனிப் புதுப் பம். படகுச் சாமான் கடையில் மூன்று அளவு அடுக்கியிருந்தார்கள்: நிமிடத்துக்கு 7 லீற்றர், 10 லீற்றர், 20 லீற்றர். என் கை 20ஐத் தூக்கியது. ஆண்பிள்ளைக்குப் பம் வாங்கும்போது நடுத்தரம் என்ற எண்ணமே வருவதில்லை. கூட வந்த அயல்படகுக்காரர் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்தார். பெரிய பம் கூடுதல் மின்சாரம் தின்னும், மெல்லிய குழாயில் விட்டுவிட்டு அடிக்கும், தாங்கியையும் கெதியாகக் காலி பண்ணும். பழையதில் என்ன எழுதியிருந்ததோ அதையே வாங்கு என்றார். 10 லீற்றர், 30 பி.எஸ்.ஐ. விலையில் ஒரு பகுதியை மனிசிக்குச் சொன்னேன்.

பம் இருக்கும் இடம் முன்படிக்குக் கீழே. ஒரு பூனை வசதியாகப் படுக்கலாம். சுவிச்சை அணைத்து, பியூஸைக் கழற்றி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, இடதுபக்கம் சரிந்து தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டேன். மற்றத் தோளுக்கு இடமில்லை. ரோச்சை வாயில் கவ்வியிருந்ததால், வெளியே நின்ற மனிசிக்கு என் கட்டளைகள் உயிரெழுத்தாக மட்டும் போய்ச் சேர்ந்தன. “ஆ… ஊ… ஈ” என்றேன். குறடு வந்தது. நான் கேட்டது ஸ்க்ரூ டிரைவர். குறட்டாலும் வேலை நடந்தது என்று காட்டுவதற்காகக் கொஞ்ச நேரம் குறட்டையே பாவித்தேன்.

நான்கு ஆணி, இரண்டு குழாய், சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர். கழற்றுவது சுகம். புதிதை வைத்துப் பார்த்தால் அதன் உறிஞ்சும் வாய் வலப்பக்கம், பழையதுக்கு இடப்பக்கம். தலைகீழாக வைத்தால் குழாய் பொருந்தும், ஆனால் மோட்டர் கீழே போகும். சவ்வு என்றைக்காவது ஒழுகினால் தண்ணீர் மோட்டருக்குள் இறங்கிவிடும் என்பதால் மோட்டர் மேலே இருப்பதே நல்லதென்று புத்தகம் சொன்னது. நேராக வைத்தால் குழாய் இரண்டு விரற்கடை காணாது. இரண்டு விரற்கடைக் குழாய்க்காகத் திரும்பவும் கடைக்குப் போனேன். கடைக்காரர் காரணத்தைக் கேட்கவில்லை. வளையும் குழாய்ச் சுருளைத் தயாராக மேசையில் வைத்திருந்தார். பம்மைக் கெட்டிக் குழாயோடு நேரே பூட்டக்கூடாதாம். நடுக்கம் முழுதும் படகின் பலகைக்குப் போய்விடும். இணைப்புகளைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் போட்டால் பிளாஸ்ரிக் வெடிக்கும் என்றும் சொன்னார். மாமியை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

சுவிச்சைப் போட்டதும் ஓடியது. ஆனால் சபை இப்போது ஒரு மல்ரி மீற்றர் வாங்கி வைத்திருந்ததே, அதற்கும் வேலை கொடுக்கவேண்டாமா? பற்றரியில் 12.6 வோல்ற். பம் ஓடும்போது அதன் வாயில் 11.4. பற்றரி படகின் பின்புறம், பம் முன்புறம். போய்வர நூறடி மெல்லிய வயருக்குள் 1.2 வோல்ற் காணாமற்போகிறது. தடித்த வயர் இழுக்கவேண்டும். அந்தத் திட்டத்துக்குக் கொள்கையளவில் அனுமதி வழங்கி, அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைத்தேன்.

மிச்சமிருந்தது அழுத்தக் கலம். பம்முக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு உருண்டை. உள்ளே றப்பர்ப் பை, பைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. கோப்பை கழுவ இரண்டு சொட்டு எடுத்தால் பம்மை எழுப்பாமல் தானே கொடுத்துவிடும். அதில் காற்றுப் போய்விட்டதென்றால் பம் ‘டுக் டுக் டுக்’ என்று மூச்சு வாங்கும். குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுதாக இறக்கிய பிறகு, பம் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்குக் கொஞ்சம் கீழே காற்றடிக்கவேண்டும். வால்வு சைக்கிள் ரியூப்பில் இருப்பதுபோன்றதே. மகளின் சைக்கிள் பம்மால் அவளே அடித்தாள். அன்று நடந்த வேலைகளில் ஒரே தடவையில் முடிந்தது அது ஒன்றுதான்.

பழைய பம்மை மேசையில் கடதாசி விரித்துப் பிரித்தேன். தலையின் ஆணிகளைக் கழற்றினால் சுவிச் ஒரு துண்டு, வால்வுத்தட்டு ஒரு துண்டு, சவ்வு ஒரு துண்டாக வந்தன. சவ்வில் கீறலே இல்லை. வால்வுத்தட்டின் மெல்லிய றப்பர் இதழொன்றின் விளிம்பில் ஒரு கறுப்புச் செதில் சொருகியிருந்தது. நகநுனியளவும் இல்லை. இதழ் அந்த இடத்தில் நிரந்தரமாக மடிந்து, மடிப்பில் வெளிறிப்போயிருந்தது. அத்தனை இரவும் அதனூடாகத்தான் அழுத்தம் கசிந்திருக்கிறது. வடியின் கிண்ணத்தை வருஷத்தில் ஒருக்காவாவது திறந்து கழுவும் பொறுப்பு எந்தச் சபைக்கு என்று மனிசி கேட்டா. அந்தக் கேள்வி பதிவு செய்யப்பட்டது. திருத்தும் பொதி தனியாக விற்கிறார்கள் என்று அறிந்து வரவழைத்து இதழ்களை மாற்றினேன். வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் பழையதும் நன்றாக ஓடுகிறது.

கைவசம் ஓடுகிற பம் ஒன்று சும்மா கிடந்தால் ஆம்பிளைக்கு நித்திரை வராது. மின்சாரம் நின்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க ஊரில் பெரியம்மாவின் மகன் சோலரில் ஓடுவதாக ஒன்று தேடுவதாய்க் கேள்விப்பட்டேன். 12 வோல்ற், சோலர், எல்லாம் பொருந்துகிறது. அண்ணைக்கு வீடியோவில் எடுத்து, பம்மைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினேன்.

“எத்தினை லீற்றர் அடிக்கும்?”

“நிமிசத்துக்குப் பத்து.”

அண்ணை சிரித்திருந்தால் பரவாயில்லை. திரும்பி, மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்த ஆருக்கோ ‘பத்தாம்’ என்றார். பிறகு ஆழத்துக்கு எவ்வளவு இழுக்கும் என்று கேட்டார்.

“ஆறடி.”

“கிணத்தில தண்ணி முப்பதடியில நிக்குது தம்பி. நான் பம்மோட இறங்கி நிக்கவேணும்.”

அனுப்பட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம், பாசல் காசு வீண். மாமிக்குச் சுகம் சொல்லு. அவதான் பம் திருத்தினவ எண்டு கனடாவில கதைக்கினம்.”